மெட்டி சேர்த்த மாதிரி

துளசிமணியின் இடது காலில் இப்போது நான்கு விரல்கள். ஒன்றை வெட்டி எடுத்தது டாக்டர். எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது நான். பெயர் கோதை. தொழில், மின்காந்தக் கணிப்புப் பொறியாளர். விசிட்டிங் கார்டில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூரில் மின்பேருந்துகளுக்குக் கம்பி மாட்டி சார்ஜ் ஏற்றிய காலம் போய்விட்டது. பணிமனைத் தரையில் தகடு புதைத்திருக்கிறோம். பேருந்து அதன்மேல் வந்து நின்றால் போதும், பன்னிரண்டு நிமிடத்தில் அடுத்த நடைக்குத் தயாராகிவிடும். தகட்டிலிருந்து கிளம்பும் காந்தப் புலத்தில் பெரும்பங்கு பேருந்துக்குள் போகும். மிச்சம் பக்கவாட்டில் கசியும். அந்தக் கசிவு பக்கத்தில் இருக்கிற ஆளை என்ன செய்யும் என்று தகடு புதைக்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் ஒரு பேருந்தை நிறுத்தி, பக்கத்தில் ஒரு மனித உடலை நிறுத்தி, இரண்டையும் கோடிக்கணக்கான சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெப்பம் பிறக்கிறது என்று பார்ப்போம்.

கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும். பிறகுதான் மனிதர் வேலை. கொட்டிக் கிடக்கும் எண்களில் எது முக்கியம், எது குப்பை என்று பிரித்துப் பாதுகாப்பு வாரியத்துக்கு இரண்டு பக்க அறிக்கை எழுத வேண்டும். ஒன்பது வருடம் நான் வண்ணப் படத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. நீலம் என்றால் ஒன்றுமில்லை. மஞ்சள் என்றால் கவனி. சிவப்பு என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்.

அப்புறம் கம்பெனி ஒரு செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டைக் கொண்டுவந்தது. கணிப்பு முடிந்ததும் அதுவே உள்ளே போய் வேண்டிய எண்களை எடுத்து, அறிக்கையும் எழுதி, கையெழுத்துக்கு நீட்டிவிடும். நான் எழுதிய ஆயிரத்து நூறு அறிக்கைகளைக் கொடுத்துத்தான் அதைப் பழக்கினார்கள். சல்லடை என்று பெயர் வைத்தவளும் நானே. சல்லடை வந்த வருடம் பத்துப் பேர் இருந்த எங்கள் பிரிவில் இரண்டு பேர் மிஞ்சினோம். மற்ற எட்டுப் பேருக்கும் கேக் வெட்டி வழியனுப்பினோம். நான் மிஞ்சியது திறமையால் அல்ல. சட்டப்படி அறிக்கையில் கையெழுத்துப் போட ஒரு மனிதக் கை தேவைப்பட்டது.

இதில் ஒரு பெருமையான காரியமும் செய்தேன். கணிப்புக்கு வரும் உடல் மாதிரிகள் எல்லாம் வெளிநாட்டில் செய்தவை. எழுபத்து மூன்று கிலோ, ஆண், உடம்பில் ஒரு குண்டுமணி உலோகம் கிடையாது. எங்கள் பணிமனையில் பேருந்தைச் சுற்றிப் பெருக்கிக் கழுவுகிறவர்கள் பெண்கள். பேருந்து அசையாமல் நிற்பது சார்ஜ் ஏறும் அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான் என்பதால், அவர்கள் வேலையும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான். குந்தி உட்கார்ந்து துடைப்பத்தை வண்டிக்கு அடியில் விட்டு இழுக்கும்போது கால்விரல்கள் தகட்டின் ஓரத்துக்கே போய்விடும். அந்த விரல்களில் மெட்டி இருக்கும். நான்தான் கூட்டத்தில் எழுந்து, "மெட்டியைச் சேர்க்காமல் எப்படிக் கணக்குப் போடுவது?" என்று கேட்டேன். பெண்ணுடல் மாதிரி ஒன்றை உருவாக்கி, இரண்டு கால்களிலும் மெட்டி போட்டுவிட்டேன். மகளிர் தினத்தன்று மேடையேற்றிப் பூங்கொத்து கொடுத்தார்கள்.

கணிப்பு ஓடி முடிந்தது. சல்லடை அறிக்கையை நீட்டியது. "மெட்டி சேர்த்த மாதிரி: வெப்பம் எல்லைக்குள் உள்ளது. பாதுகாப்பானது." நான் படத்தைத் திறக்கவில்லை. அன்று கையெழுத்துக்கு இன்னும் முப்பத்தெட்டு அறிக்கைகள் காத்திருந்தன. படத்தைத் திறந்து பார்க்கிற வழக்கமே எங்கள் ஆபீசில் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. போட்டேன் கையெழுத்தை.

பதினான்கு மாதம் கழித்து என் மேலாளர் ஸ்ரீவத்சன் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். அது பல சமயம் கெட்டதைவிட மோசம்.

"கிழக்குப் பணிமனைல ஒரு லேடிக்குக் கால்விரல் வெந்துபோச்சாம், கோதை. மெட்டி சுட்டுடுச்சுன்னு சொல்றாங்க. அடுத்த வாரம் வாரியத்துல விசாரணை."

"மெட்டியா?"

"கவலைப்படாதீங்க. மெட்டிய வச்சே நாம ரிப்போர்ட் கொடுத்திருக்கோம்ல. துப்புரவு காண்ட்ராக்டர் என்ன சொல்றார்னா, அந்தம்மா வென்னீரைக் காலில் கொட்டிக்கிட்டு நம்ம மேல பழி போடறாங்கன்னு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வார்த்தை விசாரிச்சு எழுதிட்டு வந்துடுங்க. மொறைக்கு."

முறைக்குப் போனேன். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். துளசிமணிக்கு முப்பத்து நான்கு வயதிருக்கும். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தாள். பக்கத்தில் ஸ்டூலில் அவளோடு வேலை பார்க்கும் பூவாத்தாள் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன்.

"நீங்கதானுங்களா அந்த ரிப்போட்டு எழுதுனது?" என்றாள் துளசிமணி. "மெட்டி போட்டா ஒண்ணும் ஆவாதுன்னு எழுதீருக்குதாமா. மேஸ்திரி படிச்சுக் காட்டுனாருங்."

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"எப்பவும் போல குந்திப் பெருக்கிட்டு இருந்தனுங். மொதல்ல சுருக்குனுச்சு, எறும்பு கடிச்சாப்பல. மெட்டிக்கு ரெண்டு முனை இருக்குதுல்லங், விரலுக்குத் தக்கன அமுக்கி விடுவமே, அன்னைக்குக் காலையிலதான் இறுக்கி உட்டிருந்தேன், அந்த முனை ரெண்டும் சேர்ற எடத்துலதானுங். எறும்புன்னு நெனச்சுத் தேச்சு உட்டுட்டு ரெண்டு இழுப்பு இழுத்தேன். அதுக்குள்ள சுத்தியும் கொதிக்குது. கழட்டப் போனா விரல் வீங்கிக்கிச்சு, வரமாட்டேங்குது."

"இங்க வந்துதானுங் கட்டர் வெச்சு வெட்டுனாங்க," என்றாள் பூவாத்தாள். "அதுக்குள்ள கருத்துப் போச்சு."

"வெள்ளி மெட்டியா?"

"வெள்ளிக்கு எங்கீங் போறது. ஜெர்மன் சில்வரு." துளசிமணி என்னையே பார்த்தாள். "வென்னீர ஊத்திக்கிட்டேன்னு எம்பட பேருல எழுதப் போறாங்களாமா. வேலையவிட்டு நிறுத்திப் போலீஸ்லயும் சொல்லுவாங்களாமா. வெரலு போனா போகுது மேடம். பொய்க்காரினு பேர் வாங்கிட்டு ஊருக்குள்ள எப்படீங் இருக்கறது?"

முனை இரண்டும் சேரும் இடம் என்றாள். ஒன்பது வருடம் வண்ணப் படம் பார்த்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியும். எழுதிக்கொண்டு போன தாளில் ஒரு வரிகூட எழுதவில்லை. நேராக ஆபீசுக்கு வந்து சல்லடையைத் திறந்தேன்.

"கிழக்குப் பணிமனை, மெட்டி சேர்த்த மாதிரி. மெட்டியின் முனைகள் சேரும் இடத்தில் என்ன எண் வந்தது?"

"அந்த இடத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் எல்லையைப் போல எழுபத்தோரு மடங்கு வந்தது. அறிக்கையில் சேர்க்கவில்லை," என்று பதில் வந்தது.

"ஏன் சேர்க்கவில்லை?"

"உங்கள் விதிப்படி நீக்கினேன். 'மெல்லிய உலோக முனையில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி வந்து, பக்கத்துக் கட்டங்கள் அதோடு ஒத்துப்போகாவிட்டால், அது கணக்குப் பிழை. விட்டுவிடு.' ஆயிரத்து நூறு அறிக்கைகளில் நானூற்றுப் பன்னிரண்டில் நீங்கள் இப்படிச் செய்திருக்கிறீர்கள்."

பொய் இல்லை. உலகத்தில் என் தொழில் செய்கிற எல்லோரும் செய்வதுதான். கட்டம் கட்டமாக வெட்டிப் போடுகிற கணக்கு, கூர்மையான முனை வந்தால் தடுமாறி இல்லாத வெப்பத்தைக் காட்டும். அதை உண்மை என்று எழுதிக் கொடுத்தால் பக்கத்து மேஜைக்காரன் சிரிப்பான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை விட்டுவிடுவது சரி. மிச்சமிருக்கிற ஒரு முறைக்காகத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவோம். அந்த உட்காருதலை நான் எந்த அறிக்கையிலும் எழுதி வைக்கவில்லை. அது எப்படிப் படிக்கும்? விட்டதைப் படித்தது. விடுவதற்கு முன் நான் யோசித்த பத்து நிமிடத்தைப் படிக்கவில்லை.

"அந்த எண்ணை நீக்கியதை எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"முதல் மாதத்தில் நீக்கியவற்றின் பட்டியலையும் இணைத்து அனுப்பினேன். 'இதெல்லாம் வேண்டாம், அறிக்கை மட்டும் போதும்' என்று எழுதியிருந்தீர்கள்."

எழுதியிருந்தேன். தேதியையும் சொன்னது.

"மூலக் கணிப்பைத் திற. நான் பார்க்க வேண்டும்."

"அறிக்கை ஏற்கப்பட்டதும் இடம் மிச்சம் பிடிக்க மூலக் கணிப்புகள் அழிக்கப்படுகின்றன."

மறுபடி ஓட்டினேன். இரண்டு நாள் பிடித்தது. இந்த முறை வெள்ளிக்குப் பதில் ஜெர்மன் சில்வரைக் கொடுத்தேன். வந்த படத்தை நானே திறந்து பெரிதாக்கினேன். தொடை நீலம், முழங்கால் நீலம், பாதம் நீலம். இரண்டாவது விரலில், முனைகள் தொடும் இடத்தில், கடுகளவு சிவப்பு. அங்கே பிறக்கிற வெப்பம் உலோகம் வழியாக ஓடி வளையம் முழுவதையும் சுட வைக்கும். வெள்ளியைவிட ஜெர்மன் சில்வர் மூன்று மடங்கு சீக்கிரம் சூடாகிறது. ஏழைக் கால்தான் முதலில் வேகும் என்று இயற்பியலே சொல்கிறது. நான் அழுதேன். அழுததால் யாருக்கும் விரல் முளைக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் அழுதேன்.

ஸ்ரீவத்சனிடம் படத்தைக் காட்டினேன்.

"இதை யார் யார் பார்த்திருக்காங்க?"

"நீங்களும் நானும்."

"கோதை, நான் சொல்றதக் கேளுங்க. இதக் கொண்டுபோய்க் கொடுத்தீங்கன்னா உங்க லைசென்ஸ் போயிடும். நாப்பது பணிமனைல நம்ம கம்பெனித் தகடு ஓடிட்டு இருக்கு. ஒரு விபத்து நடந்துடுச்சு, பாவம்தான். அந்தம்மாவுக்கு நாம தனியா ஏதாவது செய்வோம்."

"அந்த நாப்பது பணிமனைலயும் பெருக்கறவங்க மெட்டி போட்டிருக்காங்க, சார். இன்னைக்கும் குந்தி உட்கார்ந்து பெருக்கிட்டுதான் இருக்காங்க. துளசிமணி பொய் சொன்னாங்கன்னு தீர்ப்பாச்சுன்னா அடுத்தவங்க எறும்பு கடிச்சுதுன்னுகூட வாயைத் திறக்க மாட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை.

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். விதி என்னுடையது, கையெழுத்து என்னுடையது, படத்தைத் திறக்காதது நான். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தால் தப்பித்திருப்பாள் என்று காண்ட்ராக்டரின் வக்கீல் நடுவில் ஒன்றைச் செருகப் பார்த்தார். காந்தப் புலத்துக்கு ரப்பர் என்று ஒன்று இருப்பதே தெரியாது என்றேன். வாரியத் தலைவர் நல்ல அம்மையார். படத்தைத் திரையில் போடச் சொல்லி எழுந்து வந்து பார்த்தார். துளசிமணி சொன்னது உண்மை என்று அன்றே எழுதினார்கள். எனக்கு ஒரு வருடத்துக்கு எச்சரிக்கை. லைசென்ஸ் தப்பியது. வாசலில் துளசிமணி பூவாத்தாளின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். "பேரக் காப்பாத்திட்டீங்" என்றாள். அன்று ஒரு நாள் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வாரியம் இன்னொன்றும் கேட்டிருந்தது. எந்த நிலையில் தகடு பாதுகாப்பானது என்று முப்பது நாளில் புதிய அறிக்கை தர வேண்டும்.

"மின்திறனைப் பாதியாக் குறைச்சு, தகட்டோட ஓரத்துல கசிவுக்குத் தடுப்பும் வச்சா எல்லாமே எல்லைக்குள்ள வந்துடும்," என்றேன்.

"சார்ஜ் ஏற இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். மொத்த நகரத்தோட டைம்டேபிளும் போச்சு," என்றார் ஸ்ரீவத்சன்.

"சார்ஜ் ஏறும்போது பெருக்க வேண்டாம்னு சொல்லலாம்."

"அப்புறம் எப்பப் பெருக்குவாங்க? வண்டி நிக்கறதே அப்பதானே." அவர் சல்லடையைத் திறந்து, நான் பார்க்கப் பார்க்கத் தட்டினார்: "தகடு, மின்திறன், நேரம், பெருக்கும் முறை, எதையும் மாற்றாமல் எந்த நிலையில் எல்லா எண்களும் எல்லைக்குள் வரும்?"

ஒரு விநாடிகூட ஆகவில்லை. "உடலில் உலோக ஆபரணம் இல்லாத நிலையில்."

நான் விடவில்லை. படத்தைத் திறக்கச் சொன்னேன். அதே பெண்ணுடல், விரல்களில் எதுவுமில்லை. தலையிலிருந்து கால்வரை நீலம். ஒவ்வொரு விரலாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. வேலைக்கு வரும்போது மெட்டியைக் கழற்றி வைத்துவிடுவார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில், சரியான படம், சரியான எண். கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை வேளையில் அளவெடுப்பதற்காகக் கிழக்குப் பணிமனைக்குப் போனேன். ஆறு பேருந்துகள் வரிசையாகத் தகடுகள்மேல் நின்றிருந்தன. அடியில் துடைப்பங்கள் போய்ப் போய் வந்தன. பெருக்குகிறவர்களில் பாதிப் பேர் புதிய முகங்கள். ஒருத்தி நெற்றியிலும் பொட்டில்லை. நுழைவாயில் பலகையில் ஒரு செய்தித்தாள் துண்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். கணவரை இழந்த பெண்களுக்கு மட்டுமே இனி பணிமனைகளில் துப்புரவு வேலை, சமூக அக்கறையில் முன்னோடி என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதிலிருந்த படத்தில் காண்ட்ராக்டர் சால்வையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "என்ன இது?"

"உங்க ரிப்போர்ட்டுதானுங். ஆபரணம் இல்லாத ஆளுன்னா சேப்டின்னு போட்டிருக்குதுல்ல."

"கழட்டி வச்சுட்டு வரச் சொல்லியிருக்கலாமே?"

"கழட்டிட்டோம்பாங்க, போட்டுட்டே வருவாங்க. ஷிப்டுக்கு அறுவது காலு, குனிஞ்சு பாத்துட்டு இருக்க முடியுங்களா? ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான். இவியன்னா மெட்டிங்கற கேள்வியே இல்லீங். புருஷன் எறந்த சர்ட்டிபிகேட்டப் பாத்தமா, வேலைக்கு எடுத்தமான்னு போயிருது."

"ஏற்கெனவே வேலை பார்த்தவங்க?"

"புருஷன் இருக்கறவிய நாப்பத்து நாலு பேருங். நின்னுட்டாங்க." வருகைப் பதிவு படிப்பதுபோலச் சொல்லிவிட்டு அவர் போனார்.

மூன்றாவது பேருந்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவள் தலையைத் தூக்கினாள். பூவாத்தாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. ஆஸ்பத்திரியில் சாத்துக்குடி வாங்கி வந்து கொடுத்துவிட்டு வாசலில் நின்ற அவள் கணவரை நான் பார்த்திருக்கிறேன்.

"எப்போங்க? எனக்குத் தெரியவே தெரியாதே," என்றேன்.

அவள் எழுந்து வந்து மேஸ்திரி போன திசையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "ஊட்லதானுங் இருக்காரு. சர்ட்டிபிகேட்டுலதான் போயிட்டாரு."

"என்னம்மா சொல்றீங்க?"

"வேற வழியில்லீங். ரெண்டு புள்ளைங்க படிக்குது. அவரேதான் அலைஞ்சு வாங்கிட்டு வந்தாரு. எங்க வாங்குனாருனு கேக்காதீங். எறந்த தேதி என்ன போடறதுன்னு கேட்டாங்களாமா, பொங்கலுக்கு மறுநாள்னு போட்டுட்டு வந்திருக்காரு." சிரிக்கப் பார்த்தாள். "மெட்டியக் கழட்டிட்டு வர்றோம்னு எத்தனையோ கெஞ்சிப் பாத்தமுங். நம்பல. காலையில வரும்போது பொட்டழிச்சுட்டு வர்றனுங். சாயந்தரம் தெருமுனைல நின்னு வெச்சுட்டு ஊட்டுக்குப் போவேன். பழகிருச்சு."

"துளசிமணி?"

"வேலைக்குத் திருப்பி எடுக்கணும்னு ஆர்டர் ஆயிருக்குதுங். ஆனாலும் சர்ட்டிபிகேட்டு கேக்கறாங்க." பூவாத்தாள் என் பக்கம் நெருங்கினாள். "அவ ஊட்டுக்காரரு ரோசக்காரருங். நான் உசுரோட இருக்கும்போது எழவு சர்ட்டிபிகேட்டான்னு குதிக்கறாரு. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்க அன்னைக்கு வாரியத்துல அத்தனை பேருக்கு முன்னால நின்னு உண்மையப் பேசுனீங்கன்னு உங்க மேல அவருக்கு ரொம்ப மரியாதைங். நீங்க ஒரு வார்த்தை பேசுனீங்கன்னா எறந்துபோயிட்டதா ஒத்துக்குவாரு."

பேருந்தின் பச்சை விளக்கு எரிந்து பன்னிரண்டு நிமிடம் முடிந்துவிட்டது என்றது. பூவாத்தாள் பதிலுக்காகத் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப வீட்டுல இருப்பாரு?" என்று கேட்டேன்.